மறைத்தலின் அறம்: பலே நடனச் சப்பாத்தை முன்வைத்து ஒரு சிந்தனை

கலை எதனைக் காட்டுகிறது என்னும் வினாவுக்கு விடை கூற முயன்றோர் பலர். கலை எதனை மறைக்கிறது என்னும் வினாவை எழுப்பியோர் சிலரே. சிற்பத்தை வியந்து நிற்போர் உளியின் ஓசையைக் கேட்பதில்லை. இசையை நுகர்வோர் பல்லாண்டுச் சாதகத்தின் களைப்பை எண்ணிப் பார்ப்பதில்லை. உழைப்பின் சுவடு தெரியாதவிடத்தேதான் கலை நிறைவு பெறுகிறது என்ற கருத்து நெடுங்காலமாக நிலவி வருவதொன்றாகும். இத்தாலியரான கஸ்ரிலியோனே 1528 இல் வெளியிட்ட 'அரசவையாளன்' என்னும் நூலில், அரிய செயலை முயற்சியேதுமின்றிச் செய்வதுபோற் செய்து காட்டும் பண்பையே நயத்தின் ஊற்றாகக் கொண்டார். ஜேர்மன் மெய்யியலாளரான காண்ட் 1790 இல் வெளியிட்ட தமது அழகியல் நூலில், நுண்கலைப் படைப்பு கலையே என்பதை நாம் அறிந்திருக்கும்போதே அது இயற்கைபோலத் தோன்றுதல் வேண்டும் என்றார்.

இக்கூற்றுக்களை அழகியல் விதிகளாகவே நாம் கற்றும் கற்பித்தும் வருகிறோம். ஆயின், மறைக்கப்படுவது உழைப்பு மாத்திரமன்றி ஒருவரின் உடல்வலியாகவும் இருக்குமாயின், அவ்விதி அழகியலின் எல்லையைத் தாண்டி அறவியலின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. பிறரொருவர் படும் வலியை நாம் காணாதவாறு மறைத்து, அம்மறைப்பின் பயனாகிய அழகை மாத்திரம் நமக்களிக்கும் கலையை நாம் எந்த உரிமையுடன் நுகர்கிறோம்? இவ்வினாவை ஆராய்வதற்கு ஒரு சிறு பொருளை இக்கட்டுரை தேர்ந்துகொள்கிறது. பலே நடன மாது கால்விரல் நுனியில் நிற்பதற்காக அணியும் சப்பாத்தே அப்பொருள்.

மனித உடல் நிறையுடையது, நிலத்தை நாடுவது. அந்நிறையை வெல்வதாகத் தோன்றவேண்டும் என்பதே மேலைத்தேயப் பலே நடனத்தின் கனவு. 1832 மார்ச்சு 12 ஆந் திகதி பரிஸ் ஒப்பெராவில் 'லா சில்பீட்' என்னும் நடன நாடகம் மேடையேறியது. தந்தை பிலிப்போ தக்லியோனி அமைத்த அந்நடனத்தில், வனதேவதையாக மகள் மரீ தக்லியோனி தோன்றினார். நுனிவிரலில் நிற்றல் அதற்கு முன்னரும் வித்தையாக இருந்ததுண்டு. அதனைப் பொருளுள்ள கலைமொழியாக ஆக்கிய பெருமை அவருடையது. அவர் அணிந்தது இன்றைய சப்பாத்தன்று. மென்மையான சற்றின் துணியும் மெல்லிய அடித்தோலும் கொண்ட அச்சப்பாத்தின் நுனியும் பக்கங்களும் ஊசிநூலால் நெருக்கமாகத் தைக்கப்பட்டு ஓரளவு உறுதி பெற்றிருந்தன. அவரைத் தாங்கியது பெரும்பாலும் அவரது பாதத்தின் வலிமையே.

பின்னர் இத்தாலியக் கைவினைஞர் சப்பாத்தின் முனையைக் கடினமாக்கினர். 1895 இல் சென் பீற்றேர்ஸ்பேர்க் நகரில் 'அன்னத் தடாகம்' மேடையேறியபோது, மிலான் நகரிற் பயின்ற பியரினா லெஞ்ஞானி ஒற்றைக்காலில் முப்பத்திரண்டு தடவை தொடர்ந்து சுழன்றார். கருவி வளர்ந்தது, அதனால் இயல்வது வளர்ந்தது, இயல்வது வளர்ந்ததும் எதிர்பார்ப்பும் வளர்ந்தது. ஒருவரின் அருஞ்செயலாக இருந்தது அடுத்த தலைமுறை மாணவியர் அனைவரும் நிறைவேற்றவேண்டிய கட்டாயமாயிற்று. கலைக்கருவிகளின் வரலாற்றில் இப்போக்கு நினைவிற் கொள்ளத்தக்கது. உடலின் சுமையைக் குறைக்க வந்த கருவி, உடலின் மேல் புதிய சுமைகளை ஏற்றியும் விடுகிறது.

இன்றைய சப்பாத்து எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பதை அறிதல் அவசியம். அதன் முனைக்குள் மரக்கட்டையோ இரும்போ இருப்பதாகப் பலர் கருதுவர். உண்மையில் மரபுவழிச் சப்பாத்தில், விரல்களைச் சூழ்ந்துள்ள 'பெட்டி' எனப்படும் முன்பகுதி சாக்குத்துணி, கடதாசி, பசை ஆகியவற்றை அடுக்கடுக்காக வைத்து அமைக்கப்படுவது. உள்ளங்காலின் கீழே தோலும் மட்டையும் கொண்டு அமைந்த ஒரு தண்டு சப்பாத்தின் முதுகெலும்பாக விளங்கும். தொழிலாளி அதனை உட்புறம் வெளியாக வைத்துத் தைத்துப் பின்னர் புரட்டுகிறார். சுத்தியலாற் தட்டி வடிவமைக்கிறார். ஈரப்பசை இறுகும்வண்ணம் சூடான அறையில் உலரவிடுகிறார். இடக்கால், வலக்கால் என்ற வேறுபாடு அதிற் கிடையாது. அவ்வேறுபாட்டைப் பின்னர் அணிபவளின் பாதமே உண்டாக்கவேண்டும்.

அதனைத் தேர்ந்தெடுத்தலும் எளிதன்று. பெருவிரல் நீண்ட பாதமும் உண்டு. இரண்டாம் விரல் நீண்ட பாதமும் உண்டு. விரல்கள் ஏறத்தாழ ஒரே வரிசையில் முடியும் பாதமும் உண்டு. பெட்டி அகன்றிருப்பின் பாதம் உள்ளே வழுக்கி இறங்க, உடலின் நிறை முழுவதும் விரல்நுனியில் விழும். ஒடுங்கியிருப்பின் எலும்புகள் நெரிபடும். விரல்களை மூடும் மேற்பகுதி குறுகியிருப்பின் வளைவுமிக்க பாதம் முன்னோக்கிக் கவிழ்ந்துவிடும். நீண்டிருப்பின் நுனிக்கு முற்றாக ஏறமுடியாது. தண்டு வலிதாயின் தாங்கும், ஆனால் பாதம் தரையை உணராது. மெலிதாயின் பாதம் தரையை உணரும், ஆனால் தண்டு தாங்காது. ஆகவே தாங்குதல், உணர்தல் என்னும் இரண்டு நலன்களுக்கிடையே ஒவ்வொருத்தியும் தனக்குரிய நடுநிலையைக் கண்டறியவேண்டியவளாகிறாள். ஒருத்திக்குப் பொருந்திய நடுநிலை மற்றொருத்திக்குப் பொருந்தாது.

இத்துணைக் கவனத்துடன் தேர்ந்த புதிய சப்பாத்தைப் பெற்றதும் அவள் முதலிற் செய்வது யாது? அதனை உடைத்தல்! தண்டைக் கைகளால் வளைத்து முறிப்பாள்; சிலர் அதன் ஒரு பகுதியை வெட்டி நீக்குவர். பெட்டியைக் குதிக்காலால் மிதிப்பாள். கதவிடுக்கில் வைத்து நெரிப்பதும் உண்டு. மேடையில் ஓசை எழாதிருக்கும்பொருட்டுச் சுவரிலும் படிக்கட்டிலும் அடிப்பாள். வழுக்காதிருக்க அடித்தோலைக் கத்தியாற் கீறுவாள்; நுனியிலுள்ள சற்றினை அகற்றி ஓரத்தை நூலால் தைப்பாள். விரைவில் நைந்துபோகும் இடத்தில் அரக்கோ பசையோ ஊற்றி இறுக்குவாள். நாடாவையும் இலாஸ்ரிக்கையும் தன் கணுக்காலின் அளவறிந்து தானே தைத்துக்கொள்வாள். இவையனைத்தையும் முடித்தபின் அச்சப்பாத்து நெடுநாள் உழைக்குமா என்றால் அதுவுமில்லை. முழுநீள நடனமொன்றில் முதன்மைப் பாத்திரம் ஏற்பவர் ஒரே இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட சோடிகளைத் தேய்த்துவிடுவதுண்டு. பெட்டி இளகிய சப்பாத்தைச் 'செத்துப்போனது' என்றே நடனமாதர் கூறுவர். அது மிக நன்றாகப் பொருந்தியிருக்கும் வேளையும் அது சாவதற்குச் சற்று முந்திய வேளையே.

இச்செயலை அழித்தலெனக் கொள்ளலாமா? அரிஸ்ரோட்டில் தமது 'நிக்கொமாக்கிய அறவியல்' ஐந்தாம் நூலில், லெஸ்பொஸ் தீவின் கட்டடக்காரர் பயன்படுத்திய ஈய அளவுகோலைக் குறிப்பிடுகிறார். அக்கோல் விறைத்து நிற்பதன்று. கல்லின் வடிவுக்கேற்ப வளைவது. சட்டம் பொதுவானது, மனித நிகழ்ச்சிகளோ தனித்தன்மை வாய்ந்தவை. ஆதலின் சட்டத்தின் நோக்கத்தைக் காக்கும்பொருட்டே சிலவிடத்து அதனை வளைக்கவேண்டியுள்ளது என்பது அவர் கருத்து. சப்பாத்தை வளைக்கும் நடனமாது செய்வதும் இதுவே. பொதுவான பாதமொன்றுக்காக ஆக்கப்பட்டதை, இவ்வுலகில் வேறெவருக்கும் இல்லாத தனது பாதத்துக்கு உரியதாக்குகிறாள். ஆயின் வளைத்தலுக்கும் எல்லை உண்டு. முற்றாக இளகிய சப்பாத்து எவரையும் தாங்காது. விதி மனிதரை நெரிக்கவும் கூடாது. மனிதரைத் தாங்காத அளவுக்கு நெகிழவும் கூடாது. இதனை அறநூல்களிற் கற்பதற்கு முன்னரே அவள் தன் பாதத்தாற் கற்றுவிடுகிறாள்.

இனி, இச்சப்பாத்தில் மறைந்துள்ள மற்றோர் உழைப்பையும் நோக்கவேண்டும். பிறெடறிக் பிறீட் 1929 இல் இலண்டனில் நிறுவிய சப்பாத்துத் தொழிலகத்தில், கைவினைஞர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அடையாளக் குறி உண்டு. மீன், மணி, முடி, நங்கூரம் போன்றதொரு குறியையோ ஓர் எழுத்தையோ அவர் தாம் செய்த சப்பாத்தின் அடியிற் பொறிப்பார். நடனமாது தனக்கு வேண்டிய பெட்டியின் உயரம், குதியின் உயரம், தண்டின் வலிமை முதலியவற்றைக் குறித்து அனுப்ப, அக்குறிப்பின்படி அதே கைவினைஞர் ஆண்டுதோறும் அவளுக்குச் சப்பாத்துச் செய்வார். ஒருவரையொருவர் ஒருமுறையேனும் நேரிற் காணாமலே இவ்வுறவு பல்லாண்டு நீடிப்பதுண்டு. கைவினைஞர் ஓய்வுபெறும் செய்தி கேட்டு, உறவினரை இழந்தவள்போல் நடனமாது கலங்குவதும் உண்டு. ஒரே அளவு, ஒரே பொருள், ஒரே தொழிலகம்; ஆயினும் கை மாறினால் சப்பாத்தும் மாறிவிடுகிறது.

சந்தைக்கு வரும் பண்டம் தன்னை ஆக்கியோரின் உறவுகளை மறைத்து, பொருள்களுக்கிடையேயான உறவாகத் தோற்றமளிக்கிறது என்பது 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்தில் மாக்ஸ் முன்வைத்த புகழ்பெற்ற கருத்து. அடித்தோலிற் பொறித்த அச்சிறுகுறி அம்மறைப்பை ஓரளவு விலக்குகிறது. பண்டத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை அணிபவளுக்கு அது உணர்த்துகிறது. அவருடைய உழைப்பை அவள் முறிப்பதும் நெரிப்பதும் அவமதிப்பன்று. அவர் பாதி வழியில் நிறுத்திய பணியை அவள் மீதி வழி கொண்டுசெல்கிறாள். எனினும் அக்குறி அடித்தோலிலேயே உள்ளது. பார்வையாளர் அதனைக் காண்பதில்லை. ஆக, மேடையிலே இரண்டு உழைப்புகள் மறைகின்றன: ஒன்று ஆக்கியவருடையது, மற்றொன்று ஆடுபவளுடையது. முன்னையதன் விலையை உழைப்பென்று கூறலாம். பின்னையதன் விலையிலோ கொப்புளமும், கறுத்த நகமும், தேய்ந்த மூட்டும் அடங்கும்.

இங்கே நமது மூலவினாவுக்கு மீள்வோம். இம்மறைப்பு பொய்யாகுமா? ஆகாது என்பதே எனது துணிபு. பொய் கூறுபவர், கேட்பவர் தவறானதொன்றை நம்பவேண்டும் என எண்ணுகிறார். நடனமாதோ தனக்கு நிறையில்லை என நாம் நம்பவேண்டும் என எண்ணுவதில்லை. நாமும் நம்புவதில்லை. கலையென அறிந்தே அதனை இயற்கைபோற் காண்கிறோம் என்ற காண்டின் கூற்று இவ்விடத்தே மிகப் பொருந்தும். ஜேர்மன் எழுத்தாளரான கிளைஸ்ற் 1810 இல் எழுதிய பாவைக்கூத்துப் பற்றிய கட்டுரையில், நடனக்கலைஞர் ஒருவர் மரப்பாவைகளின் நயத்தை மனிதர் எட்டமுடியாது எனக் கூறுகிறார். பாவைகள் தரையைத் தொட்டுச்செல்வன மாத்திரமே. மனிதரோ அதில் இளைப்பாறவேண்டியவர். ஆனால் நாம் பாவைகளை வியப்பதுபோல நடனமாதை வியப்பதில்லை. இளைப்பாறவேண்டிய உடலொன்று இளைப்பாறாது நிற்பதையே வியக்கிறோம். நிறை உண்டென்ற அறிவு நம்மிடம் இல்லாவிடின் அந்த வியப்பும் இல்லை.

இதற்கு மேலும் ஒன்று கூறலாம். வலியை மறைத்தல் சிலவேளை வலியுறுவோரின் மாண்பேயாகும். தனது நோவைப் பிறர் இரக்கத்துக்கு விலையாக வைக்க மறுப்பவளிடம் ஒரு பெருமிதம் உண்டு. மேடையிலே வலியைக் காட்டச்சொல்லி வற்புறுத்துவோமாயின், நடனத்தைப் பார்க்கவந்த நாம் வலியைப் பார்க்கவந்தவராக மாறிவிடுவோம். அது மறைப்பினும் கீழானதொரு நுகர்ச்சியாகும். எனவே, மறைப்பை ஒழித்து எல்லாவற்றையும் வெளிப்படுத்தினால் அறம் நிலைபெற்றுவிடும் எனக் கருதுவது எளிமைப்பட்டதொரு முடிபே.

அவ்வாறாயின் அறப்பிரச்சினை எங்கே தொடங்குகிறது? மறைப்பு எவருடைய கையில் உள்ளது என்பதிலேதான் அது தொடங்குகிறது. தன் வலியைத் தானே மறைப்பது கலை. பிறர் வலியை மறைப்பதனால் தாம் பயன்பெறுவது அதிகாரம். இவ்விரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருப்பதே நம்மை மயக்குகிறது.

மூன்று நிலைமைகளை எடுத்துக்காட்டலாம். முதலாவது, பயிலும் சிறுமியின் நிலை. பதினொரு, பன்னிரண்டு வயதளவில் நுனிவிரற் பயிற்சி தொடங்குவது வழக்கம். பாதத்தின் எலும்புகள் அவ்வயதில் முற்றாக இறுகியிருப்பதில்லை. வலி உடலின் மொழி. பொருந்தாத சப்பாத்தையும் ஆயத்தமில்லாத காலையும் அது சுட்டிக்காட்டுகிறது. வலி பக்தியின் அடையாளம், அதைப்பற்றி வாய்திறப்பது பலவீனம் என்று அச்சிறுமிக்குப் போதிக்கப்படுமாயின், அவளிடமிருந்து பறிக்கப்படுவது தன் உடலைத் தானே அறியும் உரிமையாகும். சீனத்திற் சிறுமியரின் பாதங்களைக் கட்டி ஒடுக்கிய பழைய வழக்கத்தோடு இதனை ஒப்பிடுவோர் உளர். வேற்றுமைகள் உள்ளன என்பது உண்மையே. பாதங்கட்டுதல் இயக்கத்தை முடக்கியது, நடனம் இயக்கத்தை வளர்ப்பது. அதில் விலகும் உரிமை இல்லை, இதில் உண்டு. ஆயினும் விலகும் உரிமை சொல்லளவில் இருப்பது போதாது. வலிக்கிறது எனக் கூறினால் பாத்திரத்தை இழக்கநேரும் என்ற அச்சம் உள்ளவிடத்து அவ்வுரிமை பெயரளவினதே.

இரண்டாவது, மாற்றத்துக்கு எழும் தயக்கம். 1993 இல் அமெரிக்காவின் கெய்னர் மிண்டன் நிறுவனம், கடதாசியும் பசையும் கொண்ட பெட்டிக்கும் தோலும் மட்டையும் கொண்ட தண்டுக்கும் பதிலாக நெகிழ்வுள்ள செயற்கைப் பொருள்களைப் பயன்படுத்திய சப்பாத்தை வெளிக்கொணர்ந்தது. அதனை விரும்பி ஏற்றோர் பலர், ஐயுற்றோரும் பலர். பாதம் தரையை உணரும் விதம் மாறிவிடும் என்பது கலைசார்ந்த மறுப்பு, அதனை மதிக்கவேண்டும். ஆனால் 'நாங்கள் பட்ட வலியை இவர்களும் படட்டும்' என்னும் மனப்பாங்கு கலைசார்ந்ததன்று. நோயை மரபென்று பெயரிட்டு அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பது அது. பெரும் புகழ்பெற்ற அன்னா பவ்லோவா தமது வளைந்த பாதத்துக்குத் துணையாகத் தோல்தண்டைச் சேர்த்துச் சப்பாத்தின் நுனியையும் அகலப்படுத்திக்கொண்டவர். அது ஏமாற்று எனச் சிலர் குறைகூறினர். தமது புகைப்படங்களில் அவ்வகன்ற நுனியைத் திருத்தி ஒடுக்கிக் காட்டினார் எனவும் கூறப்படும். உதவி பெறுவதில் நாணமில்லாதவரையும் உதவி பெற்றதைக் காட்டுவதில் நாணமடையச் செய்யுமளவுக்கு அம்மறைப்புவிதி வலிதாயிருந்தது.

மூன்றாவது, நிறம். பலே சப்பாத்தின் வழமையான நிறம் வெளிறிய இளஞ்சிவப்பு. காலின் தோலும் சப்பாத்தும் ஒன்றாகித் தோன்றவேண்டும் என்பதே அதன் நோக்கம். எவருடைய தோல் என்னும் வினா நெடுங்காலம் எழுப்பப்படவில்லை. ஆதர் மிச்சல் முதலானோர் 1969 இல் நிறுவிய ஹார்லெம் நடன அரங்கு, 1970களில் ஒவ்வொருவரின் தோலுக்கேற்பச் சப்பாத்தை நிறமூட்டும் வழக்கத்தை மேற்கொண்டது. கரிய, கபில நிறத்தோர் தமது ஒப்பனைப் பூச்சைக் குழைத்துச் சப்பாத்தின் மேற் பூசிக்கொண்டனர். ஒவ்வொரு புதிய சோடிக்கும் இவ்வேலை மீண்டும் செய்யப்படவேண்டும். செலவும் நேரமும் அவர்களுடையவை. பிறீட் தொழிலகம் 'பலே பிளாக்' குழுவுடன் இணைந்து கபில, வெண்கல நிறச் சப்பாத்துக்களை வெளியிட்டது 2018 இலேதான். மறைப்புக் கலையின் உள்ளேயே ஒரு சமூக முற்கோள் மறைந்திருந்தது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிறிதொரு கலை இம்மறைப்பை விலக்கிய நிகழ்ச்சியும் வரலாற்றில் உண்டு. பிரெஞ்சு ஓவியரான டேகா 1881 இற் காட்சிக்கு வைத்த 'பதினான்கு வயதுச் சிறிய நடனக்காரி' என்னும் மெழுகுச் சிலை, ஒப்பெராவிற் பயின்ற ஏழைச் சிறுமியொருத்தியை முன்மாதிரியாகக் கொண்டது. அச்சிலைக்கு அவர் உண்மைத் துணிப் பாவாடையும் உண்மைச் சப்பாத்தும் அணிவித்தார். பார்த்தோர் பலர் அருவருத்தனர். மேடையில் மலராகக் கண்டு மகிழ்ந்தவளை மேடைக்கு அப்பால் மனிதப்பிறவியாகக் காண அவர்கள் விரும்பவில்லை.

நமது நாட்டியமரபு வெறுங்காலுடன் நிலத்தைத் தட்டி ஆடுவது, நிலத்தை மறுப்பதன்று. ஆதலின் இப்பிரச்சினை நமக்குரியதன்று எனச் சிலர் கூறக்கூடும். 1920களின் இறுதியில் ருக்மிணிதேவி பவ்லோவாவைச் சந்தித்து, அவரது குழுவைச் சேர்ந்தவரிடம் பலே பயின்று, பின்னர் அவருடைய தூண்டுதலாலேயே தமது நாட்டு ஆடலின்பால் திரும்பினார். 1936 இற் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். இரு மரபுகளும் ஒன்றையொன்று மதித்த சந்திப்பு அது. ஆனால் சப்பாத்தில்லாமை வலியில்லாமையாகாது. கல்லிலும் சீமெந்திலும் தட்டிப் பயிலும் பாதங்களுக்கும் முழங்கால்களுக்கும் தம் வரலாறு உண்டு. அரைமண்டியிற் புன்னகைக்கும் முகமும் ஒரு மறைப்பே. மற்றவர் கலையின் வலியைக் கண்டுகொள்வது எளிது. நமது கலையின் வலி நமக்கு அழகாகவே தோன்றும்.

முடிவாகச் சில கூறலாம். மறைத்தல் மேடையின் உரிமை. மேடை முடியுமிடத்தில் அவ்வுரிமையும் முடிகிறது. பயிற்சிக்கூடத்திலும், சம்பள ஏட்டிலும், மருத்துவரின் அறையிலும் அதற்கு இடமில்லை. ஆடுபவள் தன் வலியை மறைக்கலாம். ஆசிரியரும் நிருவாகியும் அவ்வலியை அறியாதிருக்கலாகாது. பார்வையாளராகிய நமக்கோ ஒரு கடமை உண்டு. அது கண்ணீர் விடுதலுமன்று, நடனத்தைப் புறக்கணித்தலுமன்று. அறிந்து நுகர்தலே அது. திரை விழுந்தபின் எழும் கரவொலி, முகந்தெரியாத கைவினைஞர் பொறித்த சிறுகுறிக்கும், படிக்கட்டில் அடித்து மென்மையாக்கப்பட்ட சப்பாத்துக்கும், அதனுள்ளே கட்டுப்போட்டிருக்கும் விரல்களுக்கும் உரியது என அறிந்து எழுமாயின், மறைக்கப்பட்டது மறைந்தவாறே மதிக்கப்படும். அறியாது தட்டும் கையும் அறிந்து தட்டும் கையும் எழுப்பும் ஓசை ஒன்றுதான். ஆனால் பயிற்சிக்கூடத்திலே சிறுமியொருத்தி 'வலிக்கிறது' என்று கூறும் நாளில், அவளுக்குச் செவிசாய்க்கக்கூடியவர் அறிந்து தட்டியவரே.